குதிரைக்குச் சாக்கு போர்த்தும் முறை

1

நீலகிரியைப் பற்றி ஏக்கமே இல்லாமல் எழுதப்பட்ட முதல் கதை இது. தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. நூலகர்கள் குறித்துக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று சொல்கிறேன். இதற்கு முன் இந்த மலையைப் பற்றி எழுதிய அத்தனை பேரும் இரண்டாவது பத்திக்குள் பெருமூச்சு விட்டிருக்கிறார்கள். மூன்றாவது பத்தியில் யூகலிப்டஸ் வாசனை வரும். நாலாவதில் மலை ரயில் கூவும். என் கதையில் ரயில் கூவாது. எங்கள் ஊருக்கு ரயிலே கிடையாது.

(பனி வரும். அழகுக்காக வராது, அதற்கு இந்தக் கதையில் வேலை இருக்கிறது.)

கதை பிறந்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது எனக்குத் தோன்றவில்லை, கனவில் வரவில்லை. சின்னம்மை என்கிற பெண்மணி பேருந்து நிறுத்தத்தில் என்னை மறித்து, எழுதச் சொன்னார். கூலிக்கு எழுதுகிறேன் என்றும் சொல்ல முடியாது. கூலியைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. தண்டனை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

என் பெயர் ஜினோ. ஊட்டியில் கல்லூரி, மூன்றாம் ஆண்டு. நகைச்சுவை எழுதுவேன். பேராசிரியர்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

2

ஊரின் பெயரை எழுதிவிட்டு அடித்துவிட்டேன். ஊட்டியிலிருந்து இத்தலார் போகிற வழியில் இருக்கிறது, அது போதும். பேருந்து நடத்துநர்களே ஊர்ப் பெயரைச் சொல்வதில்லை. "குதிரையெல்லாம் எறங்கு" என்பார்கள். பையைத் தூக்கிக்கொண்டு குதிரைகளாகிய நாங்கள் இறங்குவோம்.

நாலு சாலை சேரும் இடத்தில் ஒரு வட்டம். வட்டத்தின் நடுவே ஆறடி உயரக் கல் பீடம். அதன்மேல் வெண்கலக் குதிரை. குதிரையின் மேல் இங்கிலாந்து ராஜா ஒருவர். எந்த ராஜா என்று தெரியாது. பெயர் பொறித்த பித்தளைத் தகடு சுதந்திரம் வந்த வாரமே காணாமல் போனது. தாடி இருப்பதால் இரண்டு பேரில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கள் வரலாற்றுப் பேராசிரியர் சொன்னார். எந்த இரண்டு பேர் என்று கேட்டேன். அவர் வருகைப்பதிவு எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

இனி கதையைத் தொடங்குகிறேன்.

தொடக்கம் ஒன்று: "அந்தி சாயும் வேளை. கம்பீரமாக நின்ற அந்தக் குதிரையின் கண்களில் —"

வேண்டாம். குதிரையின் வலக் கண்ணில் குளவிக்கூடு இருக்கிறது. கம்பீரம் அங்கேயே முடிந்தது.

தொடக்கம் இரண்டு: "ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டு —"

இதுவும் வேண்டாம். டீக்கடையில் பன்னிரண்டு என்கிறார்கள், பேரூராட்சியில் இருபத்திரண்டு என்கிறார்கள். இருவரும் அடித்துச் சொல்கிறார்கள்.

தொடக்கம் மூன்று: "எனக்கு ஆறு வயதிருக்கும். அப்பா ஏணியில் ஏறுவார். நான் கீழே கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு, அவருடைய மஃப்ளரின் முனை காற்றில் —"

ஏக்கம். அடித்துவிடவும். (ஏக்கம், எண் 1. இனி வராது.)

3

சிலையின் வரலாறு. மூன்று பேரிடம் கேட்டேன், நாலு வரலாறு கிடைத்தது. நாலிலும் பொதுவாக உள்ளதை மட்டும் எழுதுகிறேன்.

எஸ்டேட் துரைமார்கள் காசு போட்டு வரவழைத்த சிலை. மேட்டுப்பாளையத்திலிருந்து மாட்டு வண்டியில், வைக்கோல் சுற்றி, மலையேறியது. ராஜா ஒரு வண்டியில், குதிரை இன்னொரு வண்டியில். ராஜா முதலில் வந்துவிட்டார். குதிரை வர மேலும் பதினேழு நாளாயிற்று. அந்தப் பதினேழு நாளும் ராஜா போலீஸ் ஸ்டேஷன் வாசலில், கால் இரண்டையும் அகட்டியபடி, வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடந்தார். ஊர் அவரை முதன்முதலில் அப்படித்தான் பார்த்தது. அதன் பிறகு எவ்வளவு உயரத்தில் ஏற்றி வைத்தும் பயன் இல்லை.

சிலையைச் சுற்றி வேலி போட்டுப் பூப்பாத்தி வைத்தார்கள். தோட்டக்காரர் பெயர் குமாரசாமி. முதல் டிசம்பரில் உறைபனி விழப்போகிறது என்று தெரிந்ததும் மேற்பார்வையாளர் அவரிடம் சொன்னார்: "வேலிக்குள்ள இருக்கிற எல்லாத்தையும் பொழுது சாயறதுக்குள்ள மூடிரு."

குமாரசாமி பூச்செடிகள் மேல் மிலார் கிளைகளை வெட்டிப் போட்டார், ரோஜாவுக்குச் சாக்கு கட்டினார். நிமிர்ந்து பார்த்தார். வேலிக்குள் இன்னும் இரண்டு பேர் மூடப்படாமல் இருந்தார்கள். எல்லாத்தையும் என்றால் எல்லாத்தையும்தான். ஏணியைக் கொண்டுவந்து குதிரைக்கும் ராஜாவுக்கும் சேர்த்துச் சாக்கு போர்த்திவிட்டுப் போய்விட்டார்.

(இதற்குப் புகைப்படம் இல்லை. இருந்திருந்தால் பேரரசு இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும்.)

காலையில் மேற்பார்வையாளர் திட்டுவதற்காக வந்தார். ஊர் முழுக்கச் செடிகள் கருகிக் கிடந்தன. மிலார் போட்ட பாத்திகளே பாதி போயிருந்தன. பீடத்தின் அடியில், மேலே குதிரையின் சாக்கு விரிந்து தொங்கிய இடத்தில் மட்டும் பூ பூவாகவே இருந்தது. வந்தவர் திட்டவில்லை. அடுத்த வருடமும் போர்த்து என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் நண்பன் ரெனிஷ் இயற்பியல் படிக்கிறான். மேலே எது குறுக்கே நின்றாலும் கீழே உள்ள செடி பிழைக்கும், இதில் குதிரையின் பங்கு எதுவும் இல்லை என்கிறான். இருக்கட்டும். அந்தப் பூப்பாத்திகளை எடுத்துவிட்டுத் தார் ஊற்றி நாற்பது வருடமாகிறது. குதிரையின் கீழே காப்பாற்ற இப்போது எதுவும் இல்லை. சாக்கு மட்டும் இன்றும் போடுகிறார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, தினமும் சாயங்காலம் ஐந்தரைக்குள் போர்த்தி, காலை எட்டு மணிக்கு எடுக்கிறார்கள்.

இதைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

4

சுதந்திரம் வந்ததும் தோட்டக்காரர் வேலை போயிற்று. கடைக்காரர்கள் கூடிப் பேசினார்கள். பன்னிரண்டு வாரம், பன்னிரண்டு வீடு, வீட்டுக்கு ஒரு வார முறை. சுதந்திர நாட்டில் இங்கிலாந்து ராஜாவுக்குப் போர்த்துவதா என்று அங்கே ஒரு சண்டை வந்ததாம். கடைசியில் ராஜாவுக்கு இல்லை, குதிரைக்கு மட்டும் என்று முடிவானது. குதிரை எந்தக் கட்சியிலும் இல்லை. அன்றிலிருந்து குளிர்காலச் சாயங்காலங்களில் ராஜா, மடியில் கம்பளி போட்டுக்கொண்டு பென்ஷனுக்குக் காத்திருப்பவரைப் போல உட்கார்ந்திருக்கிறார்.

பீடத்தின் பின்பக்கக் கல்லில் பன்னிரண்டு பெயர்களையும் பெயிண்டால் எழுதினார்கள். முறைக்காரர் ஒரு நாள் தவறினாலும் முறை வேறு வீட்டுக்குப் போய்விடும். இதுவரை யாரும் தவறியதில்லை. பெண் பார்க்க வருகிறவர்களிடம் "நம்முளுது பீடத்துல பேரு இருக்கற ஊடுங்க" என்று சொல்லும் ஊர் இது. எது பெருமை என்பதில் எங்களுக்கு ஒரு தெளிவு உண்டு.

எங்கள் வீடு நாலாம் எண். டிசம்பர் கடைசி வாரம். அப்பா செல்லதுரை பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர், சர்ச் பாடகர் குழுவில் தாழ்ந்த குரல். கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகைக்குப் போகிற வழியில் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போவார். அம்மா ஆன்சி சுக்குக் காப்பியைத் தூக்குவாளியில் ஊற்றி என்னிடம் கொடுத்தனுப்புவார். அப்பா மேலே நின்றபடியே ஒத்திகையைத் தொடங்கிவிடுவார். குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அந்தத் தாழ்ந்த குரலில், சாக்கின் முடிச்சு வாயில் இருக்கும்போதே —

(எண் 2. இது தகவல் என்ற கணக்கில் சேரும். சேராது. சரி, எண் 2.)

5

இந்தப் பகுதியை எழுதாமல் விட்டுவிட நினைத்தேன். மூன்று முறை அடுத்த பகுதிக்குத் தாவிப் பார்த்தேன். கதை புரியவில்லை.

போன டிசம்பருக்கு முந்தின டிசம்பரில் நான் ஒரு காணொளி போட்டேன். நாற்பது நொடி. தலைப்பு: "குதிரைக்குச் சளி." ஏணியில் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று வெண்கலக் குதிரைக்குப் போர்த்துவார். பின்னணியில் மருத்துவர் குரலில் நான் பேசுவேன்: "நோயாளி நூறு வருடமாக நின்ற இடத்திலேயே நிற்கிறார். பசியில்லை. இருமல் இல்லை. இருந்தாலும் உறவினர்கள் நம்பிக்கையை விடவில்லை."

நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து, திருச்சியிலிருந்து, துபாயிலிருந்து சிரித்தார்கள். கல்லூரிக் கேண்டீனில் எனக்கு ஒரு வாரம் இலவசமாக பப்ஸ் கிடைத்தது.

ஏணியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர் என் அப்பா.

அவர் அதற்கு லைக் போட்டிருந்தார். மறுநாள் வழக்கம்போல ஐந்து மணிக்குச் சாக்கை எடுத்துக்கொண்டு போனார். காப்பியை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

(அடிக்குறிப்பு: இந்தப் பத்தியில் நகைச்சுவை சேர்க்கப் பார்த்தேன். இடம் கிடைக்கவில்லை.)

ஒரு மாதம் கழித்துப் பேரூராட்சிக் கூட்டத்தில் சாலை வட்டத்தை அகற்றும் பேச்சு வந்தது. வருடா வருடம் வரும் பேச்சு, வருடா வருடம் யாராவது எழுந்து கத்துவார்கள், அது அப்படியே நின்றுவிடும். இந்த முறை கவுன்சிலர் நாச்சிமுத்து போனை எடுத்து என் காணொளியைப் போட்டுக் காட்டினார். "பாருங்க, நம்ம பசங்களே சிரிக்கறாங்க" என்றார். கூட்டமும் சிரித்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் எழுந்து கத்தவில்லை. தீர்மானம் நிறைவேறியது. ராஜாவும் குதிரையும் ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போவார்கள். பீடத்தை உடைத்துவிடுவார்கள். டெண்டர், டெண்டருக்கு டெண்டர் என்று ஒரு வருடம் ஓடி, கடைசியில் கிரேன் வரும் நாள் குறிக்கப்பட்டது: இந்த ஜனவரி, இரண்டாவது திங்கட்கிழமை.

6

கிரேனுக்கு ஒரு வாரம் முன்னால், பேருந்தை விட்டு இறங்கினேன். முட்டி வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண்மணி என் முன்னால் வந்து நின்றார். ஐம்பத்தெட்டு வயதிருக்கும். கேரட் கழுவும் இடத்தில் வேலை பார்க்கிறவர்கள் அப்படித்தான் வருவார்கள், தலை முதல் கால் வரை செம்மண்ணும் ஈரமுமாக.

"நீங்கதானே அந்தச் சளி?"

"எந்தச் சளிங்க?"

"குதிரைக்குச் சளின்னு போட்ட தம்பி."

"ஆமாங்க்கா." பாராட்ட வருகிறார் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு எப்போதும் வரும்.

"நான் சின்னம்மை. ஆறாம் நம்பரு. ஜனவரி ரெண்டாவது வாரம் எம்முறை. ஞாயித்துக்கெழமை ஆரம்பிக்குது. திங்கக்கெழமை கிரேன் வருது."

"தெரியுங்க்கா. ரொம்ப வருத்தமாத்தான் —"

"வருத்தம் யாருக்கு வேணும்? எழுதத் தெரியுமில்ல? இன்னொண்ணு எழுதுங்க. அது இங்கயே நிக்கிற மாதிரி."

"நான் எழுதினா எல்லாம் நிக்காதுங்க்கா."

"எழுதினதாலதானே போகுது?"

கல்லூரியில் மூன்று வருடம் விவாதப் போட்டியில் கோப்பை வாங்கியவன் நான். அந்த இடத்தில் என் பேருந்துச் சீட்டை எடுத்து இரண்டு முறை படித்தேன். என்னோடு இறங்கியிருந்த ரெனிஷ் தன் ஷூவின் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தான்.

"எப்பக்குள்ள வேணுங்க?" என்று கேட்டேன்.

"புதன்கெழமைக்குள்ள. கேரட் ஷெட்டுக்கு வாங்க. எனக்கு வாசிச்சுக் காட்டணும். இந்தச் சளி மாதிரி ஏதும் வந்துச்சுன்னா அங்கனயே தொட்டித் தண்ணியில முக்கிருவேன்."

7

எழுதினேன். சத்தியமாக எழுதினேன். "மாமன்னரின் நிழலில் வளர்ந்த ஊர்" என்று ஆறு பக்கம். குதிரையின் பிடரிக்கு மட்டும் ஒரு பக்கம். புதன்கிழமை போனேன். ஷெட்டில் பெரிய உருளைக்குள் கேரட் உருண்டு கழுவப்பட்டு ஆரஞ்சு நிறமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. சின்னம்மைக்கா உடைந்ததைப் பொறுக்கித் தனியாகப் போட்டுக்கொண்டே கேட்டார். சத்தத்துக்கு மேலே நான் கத்தி வாசித்தேன். "மாமன்னர்!" என்று கத்துவது மிகச் சங்கடமான காரியம்.

மூன்றாவது பக்கத்தில் கையைக் காட்டினார்.

"ராஜாவ யாரு தம்பி கேட்டா?"

"நீங்கதானே, குதிரை நிக்கணும்னு..."

"குதிரை எங்க வேணா போயி மேயட்டும். நான் கல்லச் சொன்னேன்."

"எந்தக் கல்லு?"

"பேரு எழுதின கல்லு. எங்கப்பா பேரு."

மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசினார். அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். என் கையால் தொட்டால் கெட்டுவிடும் என்று தோன்றுகிறது.

"சிலோன்லருந்து வந்தப்ப எனக்கு ஏழு வயசு. அங்க தோட்டத்துல வெள்ளன, வேலைக்கு ஆளு எடுக்குற பெரட்டுக்குப் போயி நிப்போம், கணக்கப்பிள்ள செக்ரோல் ஏட்டப் பாத்துப் பேரு கூப்புடுவாரு. பேரு கூப்புட்டாத்தான் அன்னைக்கு நீ ஆளு. இங்க வந்தா எங்க பேரு எந்தத் தாள்லயும் இல்ல. கோயில் வரி கேக்கல. சர்ச்சு எங்களுது இல்ல. அகதின்னாங்க, சிலோன்காரன்னாங்க, பேரச் சொல்லிக் கூப்புட ஒருத்தரும் இல்ல. அந்த வருசம் ஆறாம் நம்பரு வீட்டுக்காரங்க கோயம்புத்தூருக்குப் போயிட்டாங்க. அதுதான் ரொம்பக் குளுரு வாரம். யாரும் எடுக்கல. எங்கப்பா டீக்கடையில நின்னவரு, நான் போடுறேங்கன்னுட்டாரு. காத்தமுத்துன்னு கல்லுல எழுதினாங்க. பக்கத்துல வளைவு போட்டு சிலோன்னு எழுதினாங்க."

"அடைப்புக்குறியா?"

"என்னமோ குறி. பதினேழு வருசம் அதுக்குள்ளதான் இருந்தோம். அப்புறம் பெயிண்டு மங்கிப் போச்சுன்னு திரும்ப எழுதினப்ப, பெயிண்டர் கேட்டானாம், சிலோன் போடவான்னு. டீக்கடைக்காரரு சொன்னாராம், காத்தமுத்துன்னா தெரியாதாடா, எதுக்கு அதுன்னு. அன்னைக்கு எங்கப்பா ஊட்டுக்கு வந்து சொன்னாரு, சின்னு, நாம வந்து சேந்துட்டோம்னு. வந்து பதினேழு வருசம் கழிச்சு." கேரட்டை எடுத்து இரண்டாக உடைத்தார். "அடுத்த வருசம் செத்துட்டாரு. மத்த ஊட்டுல எல்லாம் மகன் பேரு, பேரன் பேருன்னு மாத்திட்டாங்க. நான் மாத்த விடல."

இந்தக் கதையில் இதுவரை எத்தனை அடைப்புக்குறி போட்டிருக்கிறேன் என்று இந்த வரியிலேயே நின்று எண்ண ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

"இப்ப எழுதுங்க" என்றார் சின்னம்மைக்கா. "அழுவாச்சி வேணாம். கல்லு நிக்கணும். அவ்வளவுதான்."

8

கல் நிற்கும்படியான முடிவுகள்:

முதல் முடிவு. உயர் நீதிமன்றம் தடை விதிக்கிறது. வழக்கறிஞர் வேண்டும், மனு வேண்டும், நாலு நாளில் நடக்காது. நடந்தாலும் வாசிக்கிறவர்கள் தூங்கிவிடுவார்கள்.

இரண்டாம் முடிவு. கிரேன் கொண்டை ஊசி வளைவில் மாட்டிக்கொள்கிறது. நல்ல காட்சி. ஆனால் செவ்வாய்க்கிழமை மாட்டிக்கொள்ளாமல் வந்துவிடும்.

மூன்றாம் முடிவு. விடியற்காலையில் குதிரை தானாக இறங்கி, ராஜாவை ஒரு ஓரமாக இறக்கி வைத்துவிட்டு, தேயிலைத் தோட்டத்துக்குள் நடந்து மூடுபனியில் மறைகிறது. என் தமிழ்ப் பேராசிரியருக்கு இது மிகவும் பிடிக்கும். சின்னம்மைக்கா "கல்லு?" என்பார்.

நாலாவதாக, கதையை விட்டு வெளியே போய் ஏதாவது செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. இன்னொரு காணொளி போட்டேன். பின்பக்கக் கல், பன்னிரண்டு பெயர், காத்தமுத்துவின் கதை. சிரிப்பு இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். அதில் பதினோரு முறை பார்த்தது நான்.

வெள்ளிக்கிழமை கவுன்சிலர் நாச்சிமுத்துவின் ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

"ஏனுங்க தம்பி, நீங்கதானே சளின்னு சொன்னீங்க?"

"கிண்டலுக்குச் சொன்னதுங்க."

"நாங்க தீர்மானத்தக் கிண்டலுக்குப் போடலீங்களே."

"பேரு எழுதின பக்கத்த மட்டும் எடுத்து ஓரமா வெக்க முடியாதுங்களா?"

அவர் எடை போட்டுக்கொண்டிருந்த ஆணிகளைத் தராசிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தார். கெட்டவர் என்று எழுத வசதியாக இருந்திருக்கும். அப்படியும் இல்லை. "ஒத்தக் கல்லுங்க அது. நாலு டன்னு இருக்கும். பொளந்தா பேரோட பொளக்குமா, பேரு நடுவுல பொளக்குமான்னு ஆரு சொல்றது? பாக்கறனுங்க. காண்ட்ராக்டர்கிட்டச் சொல்லிப் பாக்கறேன். எங்க மாமனார் பேருங்கூட அதுல இருக்குது" என்றார். பிறகு, போகும்போது கேட்டார்: "செல்லதுரை அண்ணன் எப்படி இருக்காரு? அந்த வீடியோல அவர் முதுகு நல்லா வந்திருந்துச்சு."

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வட்டத்தில் என்ன நடந்தது என்று நான் எழுதப்போவதில்லை. கல் பெயரோடு பிழைத்ததாக எழுதினால் நாச்சிமுத்துவை நல்லவராக்கிய புண்ணியம் எனக்கு வரும். நடுவில் பிளந்ததாக எழுதினால் நீங்கள் பெருமூச்சு விடுவீர்கள், அந்தப் பெருமூச்சுக்குக் கைதட்டல் என்னிடம் வரும். ஒரு முறை எழுதி இந்த ஊரில் ஒன்றை அசைத்துவிட்டேன். இரண்டாவது முறை வேண்டாம். திங்கட்கிழமையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்த மாதிரி முடியுங்கள். சின்னம்மைக்காவிடம் வாசித்துக் காட்டத் துணிவிருக்கிற மாதிரி முடியுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

என்னிடம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருக்கிறது.

9

ஞாயிறு மாலை நாலு மணிக்குப் போன் வந்தது. பேருந்துச் சத்தம், குழந்தை அழும் சத்தம், அதற்கு மேலே சின்னம்மைக்கா.

"தம்பி, சுமலதாவுக்கு வலி வந்துருச்சு. எம்மக. திருப்பூருக்குப் போய்க்கிட்டிருக்கேன், மேட்டுப்பாளையம் தாண்டிட்டேன்."

"நல்லபடியா ஆகுங்க்கா. கவலப்படாமப் போங்க."

"கவல எனக்கு அதுல இல்ல. அவ பெத்துருவா. இன்னிக்கு எம்முறை."

"அக்கா, நாளைக்கு..."

"நாளைக்கு ஒடைச்சாலும் இன்னிக்கு எம்முறை. அம்பது வருசத்துல எங்க வாரம் ஒரு நாள் தவறினதில்ல. கடைசி நாளு சிலோன்காரன் வரலைன்னு ஒரு பய சொல்லிரக் கூடாது."

"அப்பாவ அனுப்பறேங்க்கா."

"அப்பா நாலாம் நம்பரு. அவரு வாரம் முடிஞ்சுது. நான் ஒங்களத்தான் கேக்குறேன். சாக்கு கேரட் ஷெட்டுப் பைப்புக்குப் பக்கத்துல மடிச்சு வெச்சிருக்கேன். மொதல்ல கழுத்து, அப்புறம் முதுகு. ராஜா காலுக்கு உள்ள விட்டு எடுக்கணும், வெளிய விட்டா நிக்காது."

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு ஏணிகள் சாய்த்து வைத்திருக்கும். நான் கைக்கு அருகில் இருந்ததை எடுத்தேன். அப்பா ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்தார்.

"அது எட்டாது. பெரிசை எடு."

எடுத்தேன்.

"நான் வரட்டுமா?"

"வேண்டாம்ப்பா."

அப்பா தன் மஃப்ளரைக் கழற்றி ஜன்னல் கம்பி வழியாக நீட்டினார். வாங்கிக் கட்டிக்கொண்டேன். தைல வாசனை அடித்தது.

ரெனிஷும் நானும் ஏணியையும் சாக்கையும் தூக்கிக்கொண்டு வட்டத்துக்குப் போனபோது ஐந்து மணி. வெயில் மலைக்குப் பின்னால் இறங்கி, நிழல் தேயிலைத் தோட்டம் வரை வந்திருந்தது. காய்கறி லாரிகள் இரண்டு நின்றன, டீக்கடை வாசலில் ஏழெட்டுப் பேர். நாளைக்கு உடைக்கிற இடத்தைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். அதைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனோம்.

டீக்கடையிலிருந்து யாரோ கத்தினார்கள். "என்ன ஜினோ, குதிரைக்கு இப்ப எப்புடி இருக்குது?"

எல்லாரும் சிரித்தார்கள். சரியான கேள்விதான். நான் எழுதியிருந்தால் அதையேதான் எழுதியிருப்பேன்.

"இன்னிக்குக் காத்தமுத்து முறைங்க" என்றேன்.

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. ஒருவர் டீ கிளாசை வைத்துவிட்டு எழுந்து வந்து ரிப்பனுக்கு வெளியே நின்றார்.

ஏணியைப் பின்பக்கமாகச் சாய்த்தோம். அதன் மரச்சட்டம் சரியாக ஆறாம் வரியின் மேல் வந்து நின்றது. பெயிண்ட் ஏற்கெனவே உதிர்ந்துகொண்டிருந்தது. ஏணியைத் திரும்ப எடுக்கச் சொன்னேன். ஒரு சாக்கை நாலாக மடித்துக் கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்தேன். அது நழுவியது. ரெனிஷ் உள்ளங்கையால் அதைக் கல்லோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

மேலே ஏறினேன். குதிரையின் கழுத்து நான் நினைத்ததைவிடக் குளிர்ந்திருந்தது. கட்டிப்பிடிக்காமல் சாக்கை அந்தப் பக்கம் தள்ள முடியாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கட்டிப்பிடித்தேன். முடிச்சுப் போட இரண்டு கையும் வேண்டியிருந்ததால் கயிற்றின் நுனியை வாயில் கவ்விக்கொண்டேன். சணலில் கேரட் மண்ணின் ருசி.

"மச்சி" என்றான் ரெனிஷ் கீழேயிருந்து. ஒரு கையால் சாக்கை அழுத்தியபடி இன்னொரு கையில் போனை எடுத்திருந்தான். "வீடியோ எடுக்கட்டுமா?"

கயிறு வாயில் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன், வேண்டாம் என்று.

"நாளைக்கு ஒடைக்கப் போறாங்கடா. இதுக்கு எதுக்கு இவ்வளவு இழுத்துக் கட்டற?"

முடிச்சை இறுக்கினேன். இரண்டாவது சாக்கை மேலே எறியச் சொன்னேன். ராஜாவின் காலுக்கு உள்ளே விட்டு எடுத்தேன்.